இன்டர் காலேஜ் கோப்பை நம்ம பசங்களுக்கு: இந்த சீசனை முழுசாகப் பேசுவோம்

#1 நொய்யல்கரையான்

எல்லோருக்கும் வணக்கமுங்க. பல்கலைக்கழக அளவிலான இன்டர் காலேஜ் கால்பந்துக் கோப்பையை இந்த வருஷம் நம்ம காலேஜ் எடுத்துவிட்டது. காலேஜ் பெயரையும் பசங்க பெயரையும் போடாமலே பேசுவோம், இன்னும் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள்.

ஃபைனல் முடிந்ததிலிருந்து ஒரே ஒரு வீடியோதான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: கடைசிப் பத்து நிமிஷத்தில் விழுந்த அந்த ஃப்ரீ கிக். அருமையான கோல். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு, அதிர்ஷ்டத்தில் வந்த கோப்பை என்று சிலர் எழுதுவதைப் படித்தால் மனசு கேட்கவில்லை. பாதிக் கோப்பையை ஆடி மாசத்திலேயே நம்ம மைதானத்தில் ஜெயித்துவிட்டார்கள் என்பதுதான் என் கட்சி.

காரணம் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மற்ற இடங்களில் மலையில் மோதும், இங்கே தடையில்லாமல் உள்ளே வந்துவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுவது இதனால்தான். நம்ம மைதானமோ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. சாயங்கால வெயில் கோலி (கோல்கீப்பர்) கண்ணில் அடிக்கக் கூடாது என்று தெற்கு வடக்காகப் போடுவதுதான் முறை. ஒரு பக்கம் ரோடு, இன்னொரு பக்கம் வாய்க்கால் என்பதால் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு பாதி முழுக்கக் காற்று முதுகில், மறு பாதி முழுக்க முகத்தில்.

என் காலத்திலிருந்து போன வருஷம் வரைக்கும் ஆட்டம் ஒரே மாதிரிதான். டாஸ் ஜெயித்தால் மேற்குப் பக்கம் எடு, தூக்கித் தூக்கி அடி, கோல் போட்டுவிடு, மறு பாதியில் எல்லோரும் பின்னால் வந்து நில். இந்த வருஷம் பி.டி. சார் அதை அடியோடு மாற்றினார். பயிற்சி ஆட்டத்தில் முதல் டீம் எப்போதும் மேற்கைப் பார்த்துத்தான் ஆட வேண்டும், ரெண்டு பாதியும் எதிர்க்காற்று. பந்து இடுப்புக்கு மேலே போனால் எதிர் டீமுக்கு ஃப்ரீ கிக். ஆரம்பத்தில் செகண்ட் டீமிடமே தோற்றார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் சாரைத் திட்டினார்கள். ஆடி முடிந்து ஆவணி வந்தபோது வேறு டீமைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பந்து வாங்குகிறவனுக்கு இடமும் வலமும் ஆள் நிற்கிறது, கோலி கையில் பந்து வந்தால் யாரும் முதுகைக் காட்டி ஓடுவதில்லை.

லீக் ஆட்டங்களுக்குப் பிறகு காற்று அடங்கிவிட்டது, உண்மைதான். ஆனால் காற்றுக்குப் பழகிய கால் காற்று நின்றதும் பழக்கத்தை விட்டுவிடாது. செமி ஃபைனலில் பாதி நேரத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். அப்போதும் யாரும் தூக்கி அடிக்கவில்லை. நான் பார்த்த அத்தனை வருஷத்தில் நம்ம டீம் பின்தங்கியபோது பதறாமல் ஆடியது அன்றைக்குத்தான்.

#2 பழைய கோல்கீப்பர்

அண்ணா, நான் இதே மைதானத்தில் மேற்குப் பார்த்த கோலில் நின்றவன். அந்தக் காற்றில் கோல் கிக் அடிப்பது எவ்வளவு கொடுமை என்று நின்றவனுக்குத்தான் தெரியும். முழுப் பலத்தில் அடித்தாலும் பந்து மேலே போய் அங்கேயே தொங்கும், அப்புறம் நம்ம பக்கமே திரும்பி வரும். பெனால்டி ஏரியாவுக்கு வெளியே எதிர் டீம் ஆள் அதை வாங்கக் காத்துக்கொண்டிருப்பான். எங்களுக்கு வேறு வழியும் இல்லை. அந்தக் காலத்து விதிப்படி கோல் கிக் பந்து பெனால்டி ஏரியாவைத் தாண்டிய பிறகுதான் நம்ம ஆள் தொடலாம். 16.5 மீட்டர் தள்ளி நிற்கிற டிஃபெண்டருக்கு எதிர்க்காற்றில் தரையோடு தருவதற்குள் எதிராளி மேலே விழுந்துவிடுவான்.

2019-ல் விதியை மாற்றினார்கள். இப்போது பந்து அசைந்தவுடன் ஆட்டம் தொடங்கிவிடும். ஏரியாவுக்குள்ளேயே நம்ம டிஃபெண்டர் வாங்கலாம், எதிர் டீம் ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். மாற்றம் வந்து இத்தனை வருஷம் ஆகியும் நம்ம பக்கத்து காலேஜ் டீம்கள் பெரும்பாலும் பழையபடியே தூக்கி அடித்துக்கொண்டிருந்தன. இந்த வருஷக் கோலி ஒரு ஆட்டத்திலும் அப்படிச் செய்யவில்லை. ரெண்டு சென்டர் பேக்கும் ஏரியாவின் ரெண்டு ஓரத்தில், நடுவில் நம்ம நடுக்கள ஆட்டக்காரன் ஆறாம் நம்பர் இறங்கி வருகிறான். முதல் மூணு பாஸும் நம்மிடமே இருக்கும். டிவியில் பார்க்க சாதாரணமாகத் தெரியும். கரடுமுரடான செம்மண் தரையில் அதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

கோலியைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதினேன். ஃப்ரீ கிக் அடித்த பையனுக்கு எத்தனை மாலை போட்டாலும் தகும், இவனுக்கும் ஒன்று போடுங்க.

#3 கொண்டை ஊசி 40

நொய்யல்கரை அண்ணா, பி.டி. சார் உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் தரையோடு ஆடுகிற ஆட்டத்தை இவர்தான் கண்டுபிடித்தார் என்கிற மாதிரி எழுதினால் எங்க ஊர்க்காரனுக்கு வலிக்கும்.

அந்த ஆறாம் நம்பரும் லெஃப்ட் பேக்கும் வால்பாறை எஸ்டேட் பசங்க. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வருகிற ஊர். லயன் வீடுகளுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கத்தில் கொஞ்சம் சமமான இடம் எங்கே கிடைத்தாலும் அங்கே ரெண்டு கம்பு நட்டு கோல் போஸ்ட் ஆக்கிவிடுவோம். சுற்றிலும் தேயிலை, கீழே பள்ளம். பந்தைத் தூக்கி அடித்தால் தேயிலைக்குள் போய்விடும். சாயங்காலம் அதற்குள் இறங்கித் தேட வீட்டில் விடமாட்டார்கள், சிறுத்தை நடமாட்டம் இருக்கிற இடம். ஆட்டம் அத்தோடு முடிந்தது. அதனால் சின்ன வயசிலிருந்தே பந்து தரையில்தான் இருக்கும். மஞ்சு இறங்கினால் இருபது அடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாது, அப்போது சத்தத்தை வைத்துப் பாஸ் கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். ஃபைனலில் ஆறாம் நம்பர் திரும்பிப் பார்க்காமலே பின்பக்கம் பாஸ் கொடுத்ததை எல்லோரும் புகழ்ந்தீர்களே, அது எங்கே படித்த பாடம் என்று இப்போது தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ரெண்டு பேர் வீட்டிலும் அம்மா தேயிலை பறிக்கப் போகிறவர். ஹாஸ்டல் ஃபீஸ், பூட், மெஸ் எல்லாம் சேர்ந்து முதல் வருஷமே ஒருத்தன் படிப்பை விட்டுவிடப் பார்த்தான். அப்போது மெஸ் பணத்தைக் கட்டியது சீனியர் பசங்களே சேர்ந்து போட்ட காசு. இந்தக் கோப்பைக் கதையில் அதுவும் இருக்கிறது.

#4 நொய்யல்கரையான்

தம்பி, நீங்க எழுதியதை ரெண்டு தடவை படித்தேன். உங்க பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எஸ்டேட் பசங்க இதற்கு முன்னும் நம்ம டீமில் இருந்தார்கள், ஒவ்வொரு பேட்ச்சிலும் இருந்தார்கள். அப்போதெல்லாம் அவர்களை விங்கில் நிறுத்தி, தூக்கி அடிக்கிற பந்துக்கு ஓடவிட்டோம். திறமை அவர்களுடையது, அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. அதை நடுவில் கொண்டுவந்து வைத்து, மற்ற ஒன்பது பேரையும் அவர்கள் ஆட்டத்துக்குத் திருப்பியதுதான் இந்த வருஷம் நடந்தது. மைதானத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிற எங்களுக்கே அது தெரிந்தது.

#5 கோபாலபுரம் எல்லை

ஃபார்வர்டு பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன். நம்ம ஒன்பதாம் நம்பர் குவார்ட்டர் ஃபைனலிலும் செமியிலும் இறங்கவில்லை. கணுக்கால் வீங்கியிருந்தது. காரணம் பாலக்காட்டுப் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து) ஆடப் போனது.

அவனைக் குறை சொல்லி எழுதவில்லை. எல்லை தாண்டினால் செவன்ஸ் ஒரு பெரிய உலகமுங்க. அறுவடை முடிந்த வயலில் கேலரி கட்டி, லைட் போட்டு, டிக்கெட் வைத்து, ஊரே உட்கார்ந்து பார்க்கும். ஒரு ராத்திரி ஆடினால் கையில் காசு வரும். வீட்டுக்கு அனுப்புகிற பையனிடம் போகாதே என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் அந்த ஆட்டம் வேறு, இது வேறு. சின்ன மைதானம், அடி பலமாக விழும், அடிபட்டால் பார்க்க ஆளில்லை. இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரமும் அதற்குக் கிடையாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். அவன் இல்லாத ரெண்டு ஆட்டத்திலும் அந்த இடத்தில் ஆடியவன் பஸ்ஸில் வந்துபோகிற டே ஸ்காலர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவனும் இல்லை, காலேஜுக்கு வந்த பிறகு பயிற்சிக்கு வந்து நின்ற பையன். செமியில் சமன் செய்த கோல் அவன் போட்டது. பெஞ்சில் இருக்கிறவனையும் தினமும் அதே பயிற்சியில் வைத்திருந்ததால்தான் அது நடந்தது. போன வருஷங்களில் பெஞ்ச் என்பது தண்ணீர் பாட்டில் தூக்குவதற்கு மட்டும்தான்.

#6 விசில் ஈரோடு

நான் ரெஃப்ரி. இந்தப் போட்டியில் விசில் ஊதியவன் இல்லை, ஃபைனலைப் பார்வையாளனாகப் பார்த்தேன். ரெண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது டாஸ். நொய்யல்கரை ஐயா சொன்னதுபோல் முன்பெல்லாம் டாஸ் ஜெயித்தவர் பக்கத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், கிக் ஆஃப் எதிர் டீமுக்குப் போய்விடும். 2019-லிருந்து ஜெயித்தவர் பக்கத்தையோ கிக் ஆஃபையோ எதை வேண்டுமானாலும் கேட்கலாம். லீக் ஆட்டங்களில், காற்று இன்னும் இருந்தபோது, உங்க கேப்டன் கிக் ஆஃப் கேட்டார் என்று அங்கே ஊதிய நண்பர் சொன்னார். காற்றடிக்கிற நாளில் பக்கத்தை விட்டுக்கொடுக்கிற கேப்டனை இந்த வட்டாரத்தில் அவர் பார்த்ததே இல்லையாம். பந்து எங்களிடம் இருந்தால் போதும், எந்தப் பக்கமானாலும் சரி என்கிற நம்பிக்கை அது. முதல் பதிவில் ஐயா எழுதியதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

இரண்டாவது அந்த ஃப்ரீ கிக். வீடியோவை நிதானமாகப் பாருங்கள். தடுப்புச் சுவர் 9.15 மீட்டரில் நிற்கிறது. மூணு பேரோ அதற்கு மேலோ சுவராக நின்றால், அடிக்கிற டீமின் ஆட்கள் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளித்தான் நிற்க வேண்டும். இதுவும் 2019-ல் வந்ததுதான். பழைய வழக்கப்படி உங்க பையன் ஒருவன் சுவருக்குள் புகுந்து நிற்கவில்லை. சரியாக அந்த ஒரு மீட்டரை விட்டு, கோலியின் கண்ணுக்கும் பந்துக்கும் நடுவில் நின்றான். அடிக்கிற நொடியில் விலகினான். கோலி பந்தைப் பார்த்தபோது அது சுவரைத் தாண்டியிருந்தது. ஆஃப்சைடும் இல்லை, அந்தப் பக்கம் கடைசி டிஃபெண்டர் கோல் லைன் அருகில் நின்றிருந்தார். இதை யாரோ உட்கார்ந்து யோசித்துப் பலமுறை பழக்கியிருக்கிறார்கள். அதிர்ஷ்டம் என்று சொல்லாதீர்கள்.

#7 திருப்பூர் எட்டாம் நம்பர்

நான் நம்ம காலேஜ் பெண்கள் அணியில் ஆடுகிறேன். அண்ணன்கள் ஜெயித்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம், ஃபைனலுக்கு நாங்கள் எல்லோரும் வந்து கத்தினோம். ஆடி மாசப் பயிற்சி பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஒன்று சொல்கிறேன். அந்த எதிர்க்காற்றுப் பயிற்சியில் ஆட்கள் குறைந்த நாளெல்லாம் செகண்ட் டீமோடு சேர்ந்து ஆடியவர்கள் நாங்கள். பந்து இடுப்புக்கு மேலே போகக் கூடாது என்கிற விதி எங்களுக்கும் உண்டு.

எங்களுக்கு மைதானம் கிடைப்பது காலை ஆறு முதல் ஏழு வரை. சாயங்காலம் முழுக்க ஆண்கள் அணி, சனிக்கிழமை கிரிக்கெட். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல் மணிப்பூரை ஜெயித்து முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023-ல் ஹரியானாவை ஜெயித்துத் திரும்பவும் எடுத்தது. மாநில அணிகள் மோதுகிற ஆண்களுக்கான சந்தோஷ் டிராபி தமிழ்நாட்டுக்கு இதுவரை வந்ததில்லை. இதைச் சண்டைக்காக எழுதவில்லை. அடுத்த வருஷம் சாயங்காலத்தில் வாரம் ரெண்டு நாள் எங்களுக்கும் முழு மைதானம் கிடைத்தால் நாங்களும் ஒரு கோப்பை கொண்டுவருவோம் என்கிற நம்பிக்கையில் எழுதுகிறேன். பழைய மாணவர்கள் நீங்கள் சொன்னால் நிர்வாகம் கேட்கும்.

#8 பழைய கோல்கீப்பர்

கேட்க வேண்டிய கேள்விம்மா. ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் கூட்டத்தில் முதல் விஷயமாக இதை வைக்கிறேன். சாயங்காலம் ரெண்டு நாள், பிரித்துக் கொடுக்கிற பாதி மைதானம் இல்லை, முழு மைதானம். நொய்யல்கரை அண்ணாவும் வர வேண்டும்.

#9 நேரு ஸ்டேடியம் கிழக்கு

இந்தப் பசங்க எங்கிருந்து கால்பந்து பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு என் பதில்: 2019 மார்ச் 9. சென்னை சிட்டி எஃப்.சி. கோவை நேரு ஸ்டேடியத்தையே சொந்த மைதானமாக வைத்து ஆடிய காலம். மினர்வா பஞ்சாபோடு கடைசி ஆட்டம், ஜெயித்தால் ஐ-லீக் (தேசிய அளவிலான கிளப் லீக்) கோப்பை, தவறினால் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடக்கூடிய நிலைமை. ஆரம்பத்திலேயே கோல் வாங்கினோம். அப்புறம் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா ரெண்டு போட்டார், 3–1. மொத்தம் 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக் ஜெயித்த முதல் கிளப். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் டீமும் பின்னாலிருந்து பாஸ் கொடுத்துத்தான் வரும், கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்காது.

இப்போது காலேஜில் ஆடுகிறவர்கள் அன்று பள்ளிக்கூடத்துப் பையன்கள். நம்ம கேப்டன் அப்பாவின் பைக்கில் அந்த ஆட்டத்துக்கு வந்தவன் என்று அவனே சொன்னான். அந்தக் கிளப் இன்று கோவையில் ஆடுவதில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. திரும்பினால் நாலு டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்) இருக்கிற ஊராகிவிட்டது கோவை, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஐந்து பேர் ஐந்து பேராக ஆடுகிறார்கள். பதினொரு பேர் முழு மைதானத்தில் ஆடுவதைப் பார்க்க இப்போது காலேஜ் ஆட்டம்தான் கதி. அதனால்தான் ஃபைனலுக்கு அவ்வளவு கூட்டம்.

#10 உடுமலை அப்பா

வணக்கமுங்க. என் பையன் இந்த டீமில் இருக்கிறான், கடைசி வருஷம். கப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவன் அம்மா அழுதுவிட்டாள். இப்போது பல்கலைக்கழக டீம் செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பரீட்சை நேரத்தோடு மோதுமோ என்று பயமாக இருக்கிறது, ரெண்டு அரியர் வேறு இருக்கிறது. போவதால் அவனுக்குப் பிற்காலத்தில் ஏதாவது ஆகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க. தென்னந்தோப்பு வைத்துக்கொண்டிருக்கிற எனக்கு இதில் எதுவும் தெரியாது.

#11 விசில் ஈரோடு

கட்டாயம் அனுப்புங்கள் ஐயா. இன்டர் காலேஜ் கோப்பை பெருமைக்குரியது, ஆனால் வேலைக்கு எடைபோடும்போது பல்கலைக்கழக அணிக்காக ஆடிய சான்றிதழுக்குத்தான் மதிப்பு அதிகம். இன்டர் யுனிவர்சிட்டி போட்டியில் ஆடியவர்களுக்குத் தருவது படிவம் 3. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எந்த வேலைக்கு எந்த நிலைப் போட்டியைக் கணக்கில் எடுப்பார்கள் என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும், அதை ஒவ்வொரு தடவையும் படித்துப் பார்க்க வேண்டும். ரயில்வே, வங்கி, போலீஸ் டீம்கள் ஆள் எடுக்கும்போதும் இந்த மாதிரிச் சான்றிதழ் உதவும்.

தென்மண்டல இன்டர் யுனிவர்சிட்டி போட்டியில் கேரளப் பல்கலைக்கழகங்களோடு மோத வேண்டியிருக்கும். கோழிக்கோடு பல்கலைக்கழகம் கால்பந்தில் எவ்வளவு பலமான டீம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மண்டலத்தில் தேறினால் அகில இந்தியப் போட்டி. அங்கே ஒரு ஆட்டம் இறங்கினாலும் பையனை நாலு டீம் பார்க்கும். வயது வரம்பு 25 வரை இருப்பதால், மேற்படிப்பு சேர்ந்தால் அடுத்த வருஷமும் ஆடலாம்.

பரீட்சை விஷயத்தில் தயங்காதீர்கள். போட்டிக்குப் போகிற நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) வாங்கித் தருவது உடற்கல்வித் துறையின் பொறுப்பு. கடிதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சான்றிதழிலும் பெயர், பிறந்த தேதி, போட்டி நடந்த நாள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறி வேலையை இழந்த நல்ல ஆட்டக்காரர்களை எனக்குத் தெரியும்.

#12 கொண்டை ஊசி 40

உடுமலை ஐயா, அரியரைப் பற்றிக் கவலைப்படாதீங்க. எங்க லெஃப்ட் பேக்குக்கும் செலக்‌ஷன் அழைப்பு வந்திருக்கிறது. கேம்ப் முடிகிற வரைக்கும் ரெண்டு பேரும் ஹாஸ்டலில் ஒரே ரூமில் தங்கட்டும். எங்க பையன் கணக்கில் கெட்டிக்காரன், உங்க பையனுக்கு எந்தப் பாடம் பாக்கி என்று சொல்லுங்க. வெள்ளிக்கிழமை நான் பொள்ளாச்சிக்கு இறங்குகிறேன். பஸ் ஸ்டாண்டில் பார்த்துப் பேசிவிடலாம்.

#13 உடுமலை அப்பா

கணக்கும் பொருளாதாரமும்தான் தம்பி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுகிறேன். விசில் ஐயாவுக்கும் ரொம்ப நன்றிங்க, ஓ.டி. கடிதத்தை நாளைக்கே கேட்கச் சொல்கிறேன்.